புதுப்பிப்பு: சிலிண்டர் ஹெட் சுத்தமாகிவிட்டது
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டிலேயே, பழைய காரின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதியை மூடும், வால்வுகள் உள்ள பாகம்) குறைந்த செலவில் சுத்தம் செய்வது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை நல்லபடியாக முடிந்தது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் அதைத் தொடவே இல்லை. இங்கே பாரஃபின் என்ற பெயரில் விற்கும் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தபின், வால்வுகளைச் சுற்றியிருந்த கரி, தோசைக்கல்லில் தீய்ந்த மாவைப் போல பிளாஸ்டிக் சுரண்டிக்கே பெயர்ந்து வந்தது. ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் கசிவுத்தடுப்புத் தகடான கேஸ்கெட் பதியும் முகத்தில் கம்பித் தூரிகையைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அந்த முகம் வளைந்திருக்கிறதா என்று நேரான எஃகுப் பட்டையைக் குறுக்கே வைத்துப் பார்த்ததில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்கும் நுழையவில்லை. பிறகு வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் பொருத்தி, வால்வுகள் கசிகின்றனவா என்று பார்க்க, ஹெட்டைக் கவிழ்த்து எரிபொருள் எரியும் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றியபோது, மூன்றாவது குழி மட்டும் கசிந்தது. அந்தக் குழியில் கசிந்த வால்வை அரைப்புப் பசையிட்டுத் தேய்த்து மறுபடி ஊற்றினேன், அரை மணி நேரமாகியும் மட்டம் இறங்கவில்லை.