நம்ம டேட்டா யார் கைக்குப் போகிறது? நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மழைக்குருவி:
வானிலை ஆப் ஒன்றிடம் என்னைப் பற்றி வைத்திருப்பதை எல்லாம் கேட்டு வாங்கினேன். பெயர் இல்லை, நம்பர் இல்லை. விளம்பர ஐடி (விளம்பரத்துக்காகப் போனுக்குக் கொடுத்திருக்கிற அடையாள எண்), நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, அவ்வளவுதான். நள்ளிரவு தாண்டிய ஒரு வரியை எடுத்து மேப்பில் போட்டேன். புள்ளி என் படுக்கையறை ஜன்னல் பக்கம் போய் விழுந்தது. கூடவே யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல். அதில் ஒரு கம்பெனியைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

ஏலக்கடை:
விளம்பர ஏலத்தில் வேலை பார்த்தவன் நான். நீங்கள் பக்கத்தைத் திறக்கும்போது அதில் யார் விளம்பரம் வரும் என்று கம்ப்யூட்டர்களே நடத்துகிற ஏலம் அது. பக்கம் லோட் ஆவதற்குள் உங்கள் ஐடியும் இடமும் ஏலத்தில் இருக்கிற எல்லோருக்கும் போய்விடும், ஜெயித்தவருக்கு மட்டும் இல்லை. எங்கள் டேஷ்போர்டில் ஒரு கிளையன்ட்டின் கணக்கு இருந்தது. வருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், ஒரு தடவைகூட ஏலம் கேட்காது. மேலதிகாரியிடம் கேட்டதற்கு, "தொல்லை பண்ணாத கிளையன்ட், விடுப்பா" என்றார்.

எதிர்க்கட்சி:
பெயரே இல்லாத ஐடிக்கு இத்தனை பயமா? வாரன்ட் இல்லாமல் போலீஸ் இதைத் தொட முடியாது.

மழைக்குருவி:
ராத்திரி ஒரே வீட்டிலும் பகலில் ஒரே ஆபீஸிலும் கிடக்கிற போன் யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்குங்க?

சட்டப்புழு:
என் கதை சின்னது. ஆர்ப்பாட்டம் நடந்த தெரு வழியாக நடந்து போனேன், அப்புறம் போனில் ஒரே வக்கீல் விளம்பரம்.

எதிர்க்கட்சிக்கு: வாரன்ட் எல்லாம் கேட்டு வாங்கும்போதுதான். காசு கொடுத்து வாங்கினால்? அமெரிக்காவில் 2018-ல் கார்பென்டர் வழக்கில், போன் எந்தெந்த டவர் பக்கம் இருந்தது என்று காட்டும் செல் டவர் பதிவுகளுக்கு வாரன்ட் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கடையில் விற்பதற்கு அது பொருந்தாது என்று சொல்லிக்கொண்டு அரசு அமைப்புகள், டேட்டாவை வாங்கி விற்கும் புரோக்கர்களிடம் வாங்கின. முஸ்லிம் ப்ரோ என்ற தொழுகை ஆப்பின் இருப்பிடத் தரவு புரோக்கர் வழியாக ராணுவ ஒப்பந்ததாரர்கள் வரை போனது 2020-ல் வெளியே வந்தது. இந்த வாங்கலைத் தடுக்கும் மசோதா 2024 ஏப்ரலில் கீழவையில் நிறைவேறியது, மேலவையில் நகரவில்லை.

எல்லோரும் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் விளம்பர ஐடியை அழித்துவிடுங்கள். ஐபோனில் ஆப்கள் டிராக் செய்ய அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம். இருப்பிடம் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று இருக்கட்டும், துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். டார்ச் ஆப் இடம் கேட்டால் யோசிக்காமல் தூக்குங்கள்.

மழைக்குருவி:
நான் ஆலோசனை கேட்கவே இல்லையே. அந்தக் கம்பெனிகளைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

ஏலக்கடை:
பெயரைப் போடுங்கள், பார்க்கிறேன். சட்டப்புழு, ஐடியை அழித்தாலும் ஐபி முகவரி, அதாவது உங்கள் நெட் இணைப்பின் எண், போய்க்கொண்டுதான் இருக்கும். ஏற்கெனவே விற்றது திரும்பி வராது.