கேரம் இரட்டையர் போட்டி: அப்பா, மகள் ஜோடிக்கு ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் ராயபுரத்தில் எங்கள் தெருவில் நடக்கும் கேரம் போட்டிக்கு நானும் என் 10 வயது மகளும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். வட சென்னைப் பெண் காசிமா 2024-இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதிலிருந்து இவள் போர்டை விட்டு எழுந்திருப்பதே இல்லை, சாப்பிட உட்கார்ந்தாலும் விரல் நுனியில் பவுடர் ஒட்டியிருக்கும். நேர் அடி பிரமாதம். ஆனால் சிவப்புக் காயைப் போட்டதும் பதறிப்போய், அது கணக்கில் சேர அடுத்து போட வேண்டிய ஃபாலோ காயைத் தவறவிடுகிறாள், உடனே எதிரே இருக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள், போட்டியில் நான் வாயைத் திறக்க முடியாதே. இதற்கு எப்படிப் பழக்குவது? அப்புறம், 15 கிராம் ஸ்ட்ரைக்கர் அவள் விரலுக்குக் கனமா? நாற்காலியில் தலையணை போட்டுக்கொள்ள விடுவார்களா? போட்டிகளில் ஆடியவர்கள், நடுவராக இருந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஆட ஒரு ஜோடி கிடைத்தால் இன்னும் நல்லது, போர்டு வீட்டிலேயே இருக்கிறது.