டெண்டன் டிரான்ஸ்ஃபருக்குப் (தசைநாண் இடமாற்ற அறுவை சிகிச்சை) பிறகு பாதம் தட்டையாகிவிடுமா?

கேள்வி:
முழங்காலுக்கு வெளிப்பக்கம் நரம்பு அடிபட்டதில் வலது பாதம் தொங்கிவிட்டது. 2017இல், உள்கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாணை காலின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து பாதத்தின் மேல் பொருத்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் பிரேஸ் இல்லாமல் நடக்கிறேன். எனக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஈரக்காலோடு நடந்தால் வலது தடம் இடதைவிட அகலமாக விழுகிறது. பாத வளைவைத் தூக்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான் என்கிறார்கள். வருடங்கள் போகப்போகத் தட்டைப் பாதம் ஆகிவிடுமா? மேடுபள்ளத்தில் இப்போதே கொஞ்சம் தடுமாற்றம்.

பதில் 1:
நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வளைவை அந்தத் தசை மட்டும் தாங்கவில்லை. எலும்புகளின் அமைப்பும், எலும்புகளை இணைக்கும் உள்ளங்காலின் தசைநார்களும் சேர்ந்தே தாங்குகின்றன. இன்னொன்று முக்கியம். பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துத் தட்டையாக்கும் பெரோனியஸ் தசைகளும் நீங்கள் அடிபட்ட அதே நரம்பில்தான் இயங்குகின்றன. அவையும் செயலிழந்திருந்தால் எதிர் இழுப்பு இல்லை, அதனால் பலருக்கு வளைவு பெரிதாக இறங்குவதில்லை. நரம்பு தேறி அவை வலுப்பெற்றிருந்தால்தான் கூடுதல் கவனம் வேண்டும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்ப முடிகிறதா?

அப்புறம், தசை வலுவை 0 முதல் 5 வரை படிகளாக அளப்போம், இடம் மாற்றிய தசை அதில் ஏறக்குறைய ஒரு படி குறையும். பாதம் முழுதாக மேலே வராதது தோல்வி அல்ல.

பதில் 2:
எனக்கு சார்கோ மேரி டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். உங்களுக்கு நேர்மாறாக வளைவு மிக உயரம். தசைநாணை இடம் மாற்றியதோடு குதிகால் எலும்பையும் வெட்டி நேராக்கினார்கள், ஏனென்றால் இறுகிப்போன எலும்பைத் தசைநாணால் மட்டும் இழுத்துத் திருத்த முடியாது. என் நோய் மெல்ல வளர்வது, அதனால் வடிவம் இன்னும் மாறலாம். உங்களுடையது ஒருமுறை பட்ட காயம், அந்த வித்தியாசம் பெரியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. திருப்பிப் பார்த்தேன், கையால் தடுத்தாலும் வெளிப்பக்கம் நன்றாகவே தள்ளுகிறது.

பதில் 1:
சரி, அப்படியானால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எக்ஸ்ரே படுத்தபடி வேண்டாம், நின்றபடி இரண்டு பாதங்களுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். எடை ஏறினால்தான் வளைவு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். குதிகால் வெளிப்பக்கம் சாய்கிறதா என்று யாரையாவது பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லி அதையும் கொண்டுபோங்கள். அதுவரை வளைவைத் தாங்கும் இன்சோல் போட்ட ஷூவிலேயே நடங்கள், மேடுபள்ளத்தில் கண்டிப்பாக.