கோர், இழை, காப்பு, உறை: மின்வடத் துறைச் சொற்களைத் தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது?

பாலக்கோடு பயிற்றுநர் (கேள்வி)

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் இவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய சொற்கள் அவர்களுக்குப் பள்ளியிலேயே பழகிவிட்டன. வயர், கேபிள் பற்றிய பாடத்துக்கு வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. அங்கே உள்ளிருப்பது, வெளியிலிருப்பது, ஒன்று, பல என்ற வேறுபாடு எதுவுமின்றி எல்லாவற்றுக்கும் ‘கம்பி’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள்.

சென்ற மாதம் செய்முறை வகுப்புக்கு வேண்டிய பொருள்களை எழுதித் தருமாறு ஒரு மாணவரிடம் சொன்னேன். எனக்குத் தேவைப்பட்டது மூன்று கோர் கேபிள் (தனித்தனியே பிளாஸ்டிக் மூடிய மூன்று கம்பிகள் ஒரே உறைக்குள் இருப்பது), இருபது மீட்டர். அவர் ‘மூன்று கம்பி, 20’ என்று எழுதிக் கொடுத்தார். கடைக்காரரோ நாற்பது ஆண்டுகளாக வியாபாரம் செய்பவர். அவர் அதைப் பழைய கணக்கில் 3/20 (20ஆம் எண் கம்பி மூன்று சேர்ந்த வயர்) என்று படித்து, அதற்கு ஈடாகத் தாம் வழக்கமாகக் கொடுக்கும் ஒற்றைக் கோர் வயரை 90 மீட்டர் சுருளாகவே அனுப்பிவைத்தார். இதில் யாரைக் குறை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களுக்காக ஒரு சொற்பட்டியல் தயாரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். கோருக்கும் அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். உள்ளே ஒவ்வொரு கோரின் மேலும் இருக்கும் பிளாஸ்டிக்கையும், எல்லாவற்றையும் சேர்த்து மூடியிருக்கும் பிளாஸ்டிக்கையும் மாணவர்கள் ‘தோல்’ என்றே சொல்கிறார்கள். அவற்றையும் பிரிக்க வேண்டும். கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது என்பதையும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஓசூர் பழைய ஆய்வாளர்

ஓசூரில் ஒரு கேபிள் தொழிற்சாலையின் தரப்பரிசோதனைப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொற்களை அகராதியில் தேடுவதைவிட, பொருள் உருவாகும் வரிசையில் போனால் குழப்பம் குறையும் என்பது என் எண்ணம்.

ஆலைக்குச் செம்பு பெரும்பாலும் 8 மி.மீ. தடிமனுள்ள தண்டாகச் சுருள் சுருளாக வந்து சேரும். அதைப் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகளின் வழியே இழுத்து மெல்லிய கம்பியாக்குகிறோம். பொற்கொல்லர் பட்டறையில் தகட்டுத் துளைவழியே தங்கக் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இழுக்க இழுக்கச் செம்பு விறைத்துப்போகும். ஆகவே அதைச் சூடாக்கி ஆற்றி மீண்டும் மென்மையாக்குகிறோம். இப்படிக் கிடைத்த மெல்லிய கம்பிகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கினால் கிடைப்பது கடத்தி. கடத்தியின் மேல் பிவிசி ஏற்றினால் அந்தப் பூச்சுதான் காப்பு. கடத்தியும் அதன் காப்பும் சேர்ந்ததற்குத்தான் கோர் என்று பெயர். மூன்று கோர்களைச் சேர்த்து முறுக்கி, அல்லது பக்கம் பக்கமாக வைத்து, எல்லாவற்றின் மேலும் ஏற்றுவது உறை.

காப்பின் வேலை மின்சாரத்தை உள்ளே நிறுத்துவது. உறையின் வேலை ஈரம், உராய்வு, எலிப்பல், வெயில் ஆகியவை காப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. இரண்டும் ஒரே பிவிசியாக இருந்தாலும் பணி வேறு, கலவை வேறு. எனவே ‘தோல்’ என்று ஒரே சொல்லால் சொல்வதை முதல் நாளிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ‘2.5 சதுர மி.மீ.’ என்பது கடத்தியின் பெயரளவுக் குறுக்குவெட்டுப் பரப்பு. தரக்கட்டுப்பாட்டில் நாங்கள் பரப்பை அளந்து தேர்ச்சி கொடுப்பதில்லை; மின்தடையைத்தான் அளப்போம். கடத்திகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 8130. அதன்படி 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், உலோகப் பூச்சில்லாத 2.5 சதுர மி.மீ. செம்புக் கடத்தியின் தடை, ஒற்றைத் தண்டாகவோ தடித்த கம்பிகளின் முறுக்காகவோ இருந்தால் கிலோமீட்டருக்கு 7.41 ஓமுக்கு மேல் போகக் கூடாது. மெல்லிய கம்பிகளால் ஆன வளையும் வகையாக இருந்தால் 7.98 ஓம் வரை அனுமதி. முதலிரண்டு வகைகளை 1, 2 என்றும், வளையும் வகையை 5 என்றும் தரம் வகுக்கிறது. பரப்பு ஒன்றாக எழுதியிருந்தும் தடை ஏன் வேறுபடுகிறது என்று கேட்கும் மாணவர் இருந்தால் அவரைப் பாராட்டுங்கள்.

காவேரிப்பட்டணம் பம்ப் மெக்கானிக்

பெரியவர் சொன்னதோடு களத்தில் நான் தினமும் பார்க்கும் ஒரு குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘ரெண்டரை எம்.எம். வயர்’, ‘நாலு எம்.எம். கேபிள்’ என்றுதான் கேட்கிறார்கள். எம்.எம். என்றால் நீள அளவு. வயரின் எண்ணோ பரப்பு. ஒரு மாணவர் இதை விட்டமாக எடுத்துக்கொண்டால், 2.5 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் பரப்பு 4.91 சதுர மி.மீ. ஆகிவிடும், ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடையில் பேச்சு எப்படியோ இருக்கட்டும், எழுதும்போது ‘சதுர’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

3/20, 7/20 கணக்கையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது, ஏனெனில் பழைய வீடுகளில் இன்னும் அந்த வயர்கள்தான் சுவருக்குள் கிடக்கின்றன. இது பிரிட்டிஷ் கேஜ் முறை. 20 எண் கம்பியின் விட்டம் 0.914 மி.மீ.; மூன்று சேர்ந்தால் 1.97 சதுர மி.மீ., ஏழு சேர்ந்தால் 4.6 சதுர மி.மீ. 22 எண் கம்பி 0.711 மி.மீ.; ஏழு சேர்ந்தால் 2.78 சதுர மி.மீ. எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதுதான் புதியவர்களைத் தடுமாற வைக்கும். இந்தப் பரப்புகள் எதுவும் இன்றைய 1.5, 2.5, 4 ஆகியவற்றோடு சரியாகப் பொருந்துவதில்லை. ஆகையால் 3/20 கேட்டால் ஒரு கடையில் ஒன்றரையும் அடுத்த கடையில் இரண்டரையும் கொடுப்பார்கள். உங்கள் மாணவருக்கு வந்த வயர் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பரப்பில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதை ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களிடம் கேட்டால் தெரியும். நம் இரு மாவட்டங்களிலும் ஆயிரம் அடி போட்ட கிணறுகள் புதுமையல்ல. 300 மீட்டர் கேபிள் இறங்குகிறது, மும்முனை மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கிறது, திறன்காரணி (பவர் ஃபேக்டர்) 0.85 என்று கொள்வோம். 2.5 சதுர மி.மீ. தட்டைக் கேபிளில் ஒரு கோரின் தடை 2.39 ஓம், மின்னழுத்த வீழ்ச்சி ஏறத்தாழ 28 வோல்ட். 4 சதுர மி.மீ. போட்டால் அது 17.5 வோல்ட்டாகக் குறையும். இது 20 டிகிரியில் உள்ள தடையை வைத்துப் போட்ட கணக்கு. செம்பு சூடானால் இன்னும் கூடும். மாலை நேரத்தில் லைனே 360 வோல்ட்டில் தள்ளாடும்போது அந்தப் பத்து வோல்ட்தான் மோட்டாரைக் காப்பாற்றும். ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்ற சொல்லை உங்கள் பட்டியலில் தவறாமல் சேருங்கள். எங்கள் விவசாயிகள் இதை ‘கேபிள் கரண்டைக் குடிக்குது’ என்று சொல்வார்கள், அதிலும் பிழை ஒன்றுமில்லை.

அரூர் தமிழாசிரியை

நான் மின்துறை சார்ந்தவள் அல்லள். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்குரிய விடை கயிறு திரிப்பவர்களிடம் முன்பே இருக்கிறது என்று தோன்றுகிறது.

கயிற்றில் மூன்று நிலைகள் உண்டு. தனித்த நார் அல்லது நூல் இழை. இழைகள் பல சேர்ந்து முறுக்கேறினால் புரி. புரிகள் சேர்ந்து முறுக்கேறினால் கயிறு. அதனால்தான் முப்புரி நூல் என்கிறோம், வைக்கோற்புரி என்கிறோம். பேச்சில் ‘மூணு பிரிக் கயிறு’ என்று சொல்வதும் இதுவே. (தருமபுரியில் இருக்கும் புரி ஊரைக் குறிப்பது, வகுப்பில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.) கயிற்றினும் பருத்தது வடம். தேரை இழுப்பது வடம் என்பதால் கேபிளுக்கு மின்வடம் என்று பெயர் வைத்தவர்கள் சரியாகவே வைத்திருக்கிறார்கள்.

எனவே கடத்திக்குள் இருக்கும் தனித்தனி மெல்லிய கம்பியை ‘இழை’ என்று சொல்லலாமா? பெரிய கடத்திகளில் இழைகளைக் கட்டுக் கட்டாக முறுக்கி, அந்தக் கட்டுகளை மீண்டும் முறுக்குவது உண்டு என்றால் அந்தக் கட்டுக்குப் ‘புரி’ பொருந்தும். கோருக்கு ஒரு சொல் தோன்றுகிறது, சிரிக்காமல் கேளுங்கள்: ‘சுளை’. தனக்கென ஒரு மெல்லிய தோல் உடையது, பல சேர்ந்து ஒரே வெளித்தோலுக்குள் இருப்பது, ஒன்றையொன்று ஒட்டாமல் பிரிவது என்று எல்லாப் பண்பும் ஆரஞ்சுச் சுளையில் இருக்கிறதே.

ஓசூர் பழைய ஆய்வாளர்

அம்மா, சிரிக்கவில்லை. பருத்த மின்வடங்களில் இடம் மிச்சமாவதற்காகக் கடத்தியை வட்டமாக இல்லாமல் வட்டக்கூறு வடிவத்தில் அமைப்பார்கள். அப்படிப்பட்ட வடத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் சுளையேதான். ஆனாலும் ஒப்பந்தப் புள்ளியில் ‘மூன்றரைச் சுளை’ என்று எழுதினால் எந்தக் கொள்முதல் அலுவலரும் கையெழுத்துப் போடமாட்டார். (மூன்றரைக் கோர் என்பது உண்மையிலேயே உண்டு: மூன்று கட்டங்களுக்கு, அதாவது ஃபேஸ்களுக்கு, மூன்று முழுக் கோர், நியூட்ரலுக்கு ஏறத்தாழப் பாதிப் பரப்பில் ஒன்று.) கோர் கோராகவே இருக்கட்டும், சுளையை விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இழையும் புரியும் எனக்கு முழுச் சம்மதம். பற்றவைப்புக் கேபிள் போன்ற மிக நெகிழ்வான வகைகளில் நீங்கள் சொன்னபடியே கட்டுகளை மீண்டும் முறுக்குகிறார்கள். இத்தனை நாள் அதற்கு நாங்கள் ‘பஞ்ச்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி எழுத்துகள். கனரக வடங்களின் குறியீட்டை உள்ளிருந்து வெளியே போகும் வரிசையில் படிக்க வேண்டும். முதலில் ‘ஏ’ இருந்தால் கடத்தி அலுமினியம். செம்புக்கு எழுத்தே கிடையாது. அடுத்துக் காப்பு: ‘ஒய்’ என்றால் பிவிசி, ‘2எக்ஸ்’ என்றால் குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன். பின்னர் கவசம்: ‘டபிள்யூ’ என்றால் உருண்டை எஃகுக் கம்பி, ‘எஃப்’ என்றால் தட்டை எஃகுப் பட்டை. கடைசி ‘ஒய்’ வெளியுறை. ஆக ஏ2எக்ஸ்எஃப்ஒய் என்பதை, அலுமினியக் கடத்தி, குறுக்குப் பிணைப்புக் காப்பு, பட்டைக் கவசம், பிவிசி உறை என்று படிக்கலாம். ஒய்டபிள்யூஒய் என்பதில் முதல் ஒய் காப்பு, இரண்டாம் ஒய் உறை. ஒரே எழுத்து இடத்தால் பொருள் மாறுகிறது. காப்புக்கும் உறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பிவிசிக்கும் குறுக்குப் பிணைப்புக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் மட்டும் இல்லை. சாதாரணப் பிவிசிக் காப்புள்ள கடத்தி தொடர்ந்து 70 டிகிரி வரையிலும், குறுக்குப் பிணைப்புக் காப்புள்ளது 90 டிகிரி வரையிலும் இயங்கலாம். குறுக்குச் சுற்று ஏற்படும் அந்தச் சில நொடிகளில் முதலது 160, இரண்டாவது 250 டிகிரியைத் தாங்கும். ஆகவே ஒரே பரப்பில் இரண்டாவது வகை கூடுதல் மின்னோட்டத்தைச் சுமக்கும்.

கவசத்தைப் பற்றி ஒரு சொல்: மாறுமின்னோட்டத்தில் ஒற்றைக் கோர் வடத்துக்கு எஃகுக் கவசம் போடக் கூடாது. எஃகில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் கவசமே சூடாகும். அதனால் அங்கே அலுமினியக் கவசம் போடுவார்கள்.

பாலக்கோடு பயிற்றுநர்

மூவருக்கும் நன்றி. இழை, புரி, கடத்தி, காப்பு, கோர், கவசம், உறை, மின்வடம் என்று உள்ளிருந்து வெளியே போகும் வரிசையிலேயே பட்டியலை மாற்றி எழுதிவிட்டேன். எஃப்.ஆர். என்று அச்சிட்ட வயருக்குத் ‘தீப்பிடிக்காத வயர்’ என்று எழுதியிருக்கிறேன்; சரிதானே?

ஓசூர் பழைய ஆய்வாளர்

சரியில்லை, உடனே அடித்துவிடுங்கள். எஃப்.ஆர். வயர் தீயில் எரியும். தீ வயர் நெடுகப் பரவிச் செல்வதைத்தான் அது மட்டுப்படுத்தும். எனவே ‘தீப்பரவல் மட்டுப்படுத்தும் வயர்’ என்று எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் அதோடு புகையும் குறைவு. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் என்பதால் கூட்டம் கூடும் கட்டடங்களுக்கு ஹாலஜன் அற்ற வகையைக் கேட்கிறார்கள். தீக்குள்ளும் சிறிது நேரம் மின்சாரம் கடத்த வேண்டிய அபாய அறிவிப்புச் சுற்றுகளுக்கு, கடத்தியின் மேல் மைக்கா நாடா சுற்றிய வேறொரு வகை இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கினால் யாராவது அதை நம்பி உயிரையே பறிகொடுத்துவிடுவார்கள்.

காவேரிப்பட்டணம் பம்ப் மெக்கானிக்

அந்தச் சுருளில் என்ன வந்தது என்று இன்னும் சொல்லவில்லையே?

பாலக்கோடு பயிற்றுநர்

இன்று காலை வகுப்பில் ஆளுக்கு ஒரு சாண் வெட்டிக் கொடுத்து, காப்பை உரித்து இழைகளை எண்ணச் சொன்னேன். பெரும்பாலோர் 36 என்றார்கள், இருவர் 35 என்றார்கள், ஒருவர் 38 வரை போய்விட்டார். நுண்ணளவியில் இழையின் விட்டம் 0.3 மி.மீ. வந்தது, பெருக்கிப் பார்த்தால் 2.54 சதுர மி.மீ. 35 சொன்ன இருவரின் மேசைக்கடியில் ஆளுக்கோர் இழை கிடந்தது. உரிக்கும்போது கத்தி பட்டு அறுந்திருக்கிறது.