ஜிம்னியின் மஞ்சள் விளக்கு

குழு: நம்ம குடும்பம்

*செவ்வாய்*

[இரவு 9:04] கதிர்: மணி மாமா, விழித்திருக்கிறீர்களா? என் சுசுகி ஜிம்னியில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற சாதனத்தின் விளக்கு. பட்டறையில் காட்டினேன். ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், 2,800 சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்கிறார்கள். 2008 வண்டிக்கு அவ்வளவு போடுவதா? பேசாமல் ஏபிஎஸ்ஸைக் கழற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

[இரவு 9:07] சித்தப்பா: கழற்று கதிர். மண் பாதையில் ஏபிஎஸ் உதவாது. கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சரளை இறக்கத்தில் நானே பட்டிருக்கிறேன். பிரேக்கை அழுத்த அழுத்த வண்டி போய்க்கொண்டே இருந்தது. சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் அதன் முன்னால் சரளை குவிந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவே விடாது.

[இரவு 9:08] வாணி அக்கா: இந்த வண்டியில்தானே இந்த மாதக் கடைசியில் பிள்ளைகளை ஜொகூருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாய்?

[இரவு 9:11] கதிர்: அதனால்தான் கேட்கிறேன் அக்கா. விளக்கு மட்டும் என்றால் விட்டிருப்பேன். போன வாரம் மண்டாய் சாலை சிக்னலில் வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கடைசி இரண்டு மீட்டரில் பெடல் கடகடவெனக் காலை உதைத்தது, வண்டி நழுவிக்கொண்டு முன்னே போனது. சாலை காய்ந்துதான் இருந்தது. முன்னால் நின்ற பேருந்துக்கும் எனக்கும் ஓர் அடி இடைவெளி. அன்றைக்கே ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன். இப்போது உதைப்பதில்லை.

[இரவு 9:12] அம்மா: இதை ஏன்டா ஒரு வாரமாகச் சொல்லவில்லை?

[இரவு 9:15] மணி மாமா: மாப்பிள்ளை, ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன்னால் விளக்கு எப்போது எரிந்தது? சாவி போட்டதுமா, வண்டி நகர்ந்த பிறகா?

[இரவு 9:17] கதிர்: சாவி போட்டதும் எரிந்து அணைந்துவிடும் மாமா. கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்ப எரியும். கார் பார்க் சரிவில் வளைந்து ஏறும்போது அடிக்கடி.

[இரவு 9:26] மணி மாமா: அப்படியென்றால் யூனிட்டைச் சந்தேகப்பட அவசரம் வேண்டாம். ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த வளையம் ஒன்று சுற்றுகிறது, பக்கத்தில் சென்சார் நிற்கிறது. பற்கள் கடக்கும்போது எழும் சிக்னலை வைத்துத்தான் சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கணினி தெரிந்துகொள்கிறது. ஒரு சக்கரம் மட்டும் திடீரென நின்றதாகத் தெரிந்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். பழைய வகை சென்சாரில் வண்டி மெதுவாகப் போகும்போது சிக்னல் இயல்பாகவே பலவீனம். இடையில் துருவோ சேறோ சேர்ந்து இடைவெளி கூடினாலும், வளையத்தில் விரிசல் விட்டாலும், வயர் உள்ளுக்குள் அறுந்து விட்டு விட்டுத் தொட்டாலும், சுற்றுகிற சக்கரம் நின்றுவிட்டது என்று கணினி தப்பாக எடுத்துக்கொள்ளும். மண்டாயில் உன் காலை உதைத்தது அதுதான்.

[இரவு 9:28] மணி மாமா: வளையும்போது எரிகிறது என்றாயே, எனக்கு முன்சக்கரத்து வயர் மேல்தான் கண். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது. பதினெட்டு வருஷமாக.

[இரவு 9:31] சித்தப்பா: மச்சான், சென்சார் சரி. ஆனால் காட்டுப் பாதைக்கு ஏபிஎஸ் எதற்கு? என் பழைய லேண்ட் குரூசர் 80இல் சென்டர் டிஃப் லாக் போட்டால் ஏபிஎஸ் தானாகவே ஒதுங்கிவிடும். கம்பெனிக்காரனே அப்படிச் செய்திருக்கிறான்.

[இரவு 9:38] மணி மாமா: நீங்கள் சொல்வது உண்மை மச்சான். லாக் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகக் கட்டுப்பட்டுவிடும். ஒரு சக்கரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்து வேலை செய்ய வழியில்லை, அதனால் ஒதுங்குகிறது. லாக்கை எடுத்ததும் திரும்ப வந்துவிடும். சரளையைப் பற்றிச் சொன்னதும் சரிதான். ஆனால் கதிர் வருஷத்தில் எத்தனை நாள் சரளையில் ஓட்டுகிறான்? மற்ற நாளெல்லாம் புக்கிட் தீமா விரைவுச்சாலைதான். மழை கொட்டும்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். குட்டை வண்டி வேறு. பின்சக்கரம் முதலில் பூட்டினால் சுழன்றே போகும்.

[இரவு 9:41] சித்தப்பா: ஜொகூரில் என் கூட்டாளி 1990 வாக்கில் வந்த ஜீப் செரோக்கியில் கழற்றினாரே. நன்றாகத்தான் ஓடுகிறது.

[இரவு 9:47] மணி மாமா: அதில் இருந்தது பெண்டிக்ஸ் ஏபிஎஸ். பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர், காலின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டர், மின்சார பம்ப் எல்லாம் ஒரே குடும்பமாகப் பிணைந்தது. பம்ப் போனால் பிரேக்கின் பலமே போய்விடும், புதுச் சாமானும் கிடைப்பதில்லை. அதனால் ஏபிஎஸ் இல்லாத செரோக்கியின் பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், முன் பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு என்று முழுப் பிரேக்கையும் மாற்றினார்கள். வேறு வழியில்லாத வண்டிக்கு அது நியாயமான வேலை. கதிர் வண்டிக்கு வழி இருக்கிறது.

[இரவு 9:49] கதிர்: ஃபியூஸ் மட்டும் இல்லாமல் ஓட்டினால் என்ன மாமா? சாதாரண பிரேக் இருக்கிறதே.

[இரவு 9:52] மணி மாமா: டேஷ்போர்டில் இப்போது எத்தனை விளக்கு எரிகிறது?

[இரவு 9:53] கதிர்: இரண்டு. மஞ்சளும், சிவப்பு பிரேக் விளக்கும்.

[இரவு 9:59] மணி மாமா: அந்தச் சிவப்புதான் எனக்குக் கவலை. உன் வண்டியில் பின்சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை ஏபிஎஸ் யூனிட்டே பார்த்துக்கொள்கிறது. மின்சாரம் நின்றால் அந்த வேலையும் நின்றது, அதைத்தான் சிவப்பு சொல்கிறது. இன்னொன்று, பிரேக் எண்ணெய் குறைந்தாலும் எரிய வேண்டியது அதே விளக்கு. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், நாளைக்கு எங்காவது ஒழுகினால் உனக்கு எப்படித் தெரியும்?

[இரவு 10:01] வாணி அக்கா: தம்பி, நாளையிலிருந்து எம்ஆர்டி ரயிலில் போ.

[இரவு 10:03] கதிர்: சரி அக்கா. வருஷா வருஷம் சோதனைக்குப் போகிறதே, அதில் பிரேக் தேறியது. அந்தத் தைரியத்தில் இருந்துவிட்டேன்.

[இரவு 10:06] மணி மாமா: சோதனை நிலையத்தில் உருளை மேல் மெதுவாகச் சுற்றவிட்டுப் பிரேக்கின் பிடிப்பைப் பார்க்கிறார்கள். ஏபிஎஸ் அந்த வேகத்தில் வேலைக்கே வராது. யூனிட்டைக் கழற்றி மாற்றியமைக்கும் எண்ணம் இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் காப்பீட்டிலும் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதே. ஞாயிறு காலை ஈசூனிலிருந்து வருகிறேன். உங்கள் புளோக் கார் பார்க்கில் வேண்டாம், காக்கி புக்கிட்டில் என் பழைய கூட்டாளியின் பட்டறையில் பார்ப்போம். இழுவை வண்டிக்குச் சொல்லிவிடு.

*ஞாயிறு*

[பகல் 12:40] கதிர்: கண்டுபிடித்துவிட்டார் மாமா!

[பகல் 12:41] கதிர்: (படம்)

[பகல் 12:46] கதிர்: முன் இடது சக்கரம். மீட்டர் வைத்து நாலு சென்சாரின் மின்தடையையும் அளந்தார். மூன்று கிட்டத்தட்ட ஒரே அளவு, சுமார் 1,300 ஓம். நான்காவதும் முதலில் அதேதான் காட்டியது, நான் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் திருப்பச் சொல்லி வயரை லேசாக அசைத்தார். எண் மறைந்துவிட்டது. விட்டதும் திரும்ப வந்தது. ரப்பர் உறை நன்றாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. சென்சார் நுனியில் ஜொகூர் சேறு கல்லாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வளையத்தின் பற்களை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார், விரிசல் இல்லை.

[பகல் 12:48] அம்மா: தம்பி, சாப்பிட்டாயா? காலையில் வெறும் காபியோடு கிளம்பினாயாமே.

[பகல் 12:49] மணி மாமா: பிரியாணி வாங்கி வந்தான் அக்கா. கவலைப்படாதே.

[மாலை 4:15] கதிர்: வயரோடு புதுச் சென்சார், 140 வெள்ளி. உட்காரும் இடத்துத் துருவைச் சுரண்டித் துடைத்துப் போட்டோம். பிரேக் எண்ணெய் கறுத்திருந்தது, அதையும் மாற்றினோம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். டாட் 3 என்ற வகைப் புது எண்ணெய் 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரக் கணக்கு, ஈரம் ஏறியதற்கு அதே கணக்கு 140தான். நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவது இதனால்தான் என்றார் மாமா.

[மாலை 4:22] கதிர்: ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். இரண்டு விளக்கும் அணைந்தன. பட்டறைக்குப் பின்னால் காலி முற்றத்தில் தண்ணீர் அடித்து, நடுவில் ஓர் எண்ணெய்த் தகரம் வைத்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுக்க மிதிக்கச் சொன்னார். பெடல் அதிர்ந்தது, ஆனால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது. தகரத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். அப்புறம் ஃபியூஸ் இல்லாமல் ஒருமுறை. நேராகப் போய்த் தகரத்தை இடித்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது அக்கா.

[மாலை 4:24] வாணி அக்கா: மாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

[மாலை 4:30] சித்தப்பா: மச்சான், என் வண்டியிலும் மஞ்சள் விளக்கு ஒரு வருஷமாக எரிகிறது. வயதான வண்டி என்று விட்டுவைத்திருந்தேன். அந்த மீட்டரோடு ஒருநாள் இங்கேயும் வர முடியுமா?

[மாலை 4:33] மணி மாமா: அடுத்த ஞாயிறு வருகிறேன். அதுவரை மழையில் எடுக்காதீர்கள். கதிர், இன்றைக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறோம். ஒரு 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்.

[மாலை 4:34] கதிர்: சரி மாமா. ஜொகூர் போவதற்கு முன்னால் பார்த்துவிடுகிறேன்.