ரவுணுக்குள் ஓட சின்ன மின்சாரக் கார் போதுமா? திருகோணமலைக்காரரின் கருத்து வேண்டும்

அலஸ்தோட்டம் ரீச்சர்

எங்கள் பழைய அல்ரோ கார் இனி ஓடாது போலிருக்கிறது. கியர்பொக்ஸ் வேலைக்குச் சொன்ன தொகையைக் கேட்டபிறகு, அதே காசை வேறொரு வாகனத்துக்கு முற்பணமாகப் போடலாமா என்று யோசிக்கிறோம்.

எங்கள் ஓட்டம் இவ்வளவுதான். காலையில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ரவுணில் பாடசாலைக்கு, என் கணவரைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இறக்கிவிட்டு. பின்னேரம் சந்தை, ரியூஷன். அம்மாவுக்கு மாதாந்தக் கிளினிக். இடைக்கிடை கிண்ணியாவில் ஒரு தோழி வீடு. மாதம் ஏறக்குறைய 900 கிலோமீற்றர் வரும். 2025இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாயைச் சுற்றி நின்றது, ரவுண் ஓட்டத்தில் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் கிடைத்தாலே பெரிய விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிசான் சகுரா மாதிரி ஒரு சின்ன மின்சாரக் கார் எங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். கொழும்புக்கு இரவு ரயில் இருக்கிறது. சொந்தக் கார் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. இதில் நான் பார்க்கத் தவறியது என்ன?

சந்தி கராஜ்

ரீச்சர், பற்றரியைப் பார்க்கத் தவறிவிட்டீர்கள்.

2015இல் வரி குறைந்திருந்த நேரம் நிசான் லீஃப் மின்சாரக் கார்கள் நாடு முழுக்க வந்து இறங்கின. அந்த முதல் தலைமுறை 24 கிலோவாட் மணி பற்றரிக்குத் தண்ணீரால் குளிராக்கும் ஏற்பாடு கிடையாது, காற்றுப்பட்டு ஆற வேண்டியதுதான். ஜப்பான் குளிருக்கு அது சரி. இங்கே ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிறபோது மத்தியானம் தார் வீதி எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சூட்டில் லிதியம் பற்றரி சீக்கிரம் கிழடு தட்டும். பெற்றோல் காரின் ராங்கி பத்து வருடத்தில் சுருங்குவதில்லை. இது சுருங்கும்.

அடுத்தது, பழுதானால் யார் பார்ப்பது? ஹைபிரிட் பற்றரியில் செல் மாற்றத் தெரிந்தவர்களையே இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் அனுப்பினால், பெற்றோலில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு பயணத்தோடு போய்விடும். கியர்பொக்ஸைச் செய்துகொண்டு அல்ரோவையே ஓட்டுங்கள்.

துறையடி நானா

கராஜ் அண்ணன் சொல்கிற அதே பழைய காலத்து மின்சாரக் கார் ஒன்றைத்தான் நான் கிண்ணியாவிலிருந்து ஓட்டுகிறேன். பற்றரி, புதிதாக இருந்தபோது கொண்ட கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குதான் இப்போது கொள்ளும். அப்படியிருந்தும் பாலம் தாண்டி ரவுணுக்குப் போய், கடைக்குச் சாமான் எடுத்து, சொந்தக்காரர் வீடு ஒன்றிரண்டுக்கும் தலைகாட்டிவிட்டுத் திரும்பி வர அது போதும். போய்வர 40 கிலோமீற்றர்தானே? ஒயில் மாற்றுவதில்லை, கிளச் இல்லை, பெல்ற் இல்லை. மோட்டாரே பிரேக்காக வேலை செய்வதால் பிரேக் பாட் தேய்வதும் குறைவு.

சூட்டைப் பற்றி அண்ணன் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு எல்லா மின்சாரக் காரையும் ஒதுக்குவது நியாயமில்லை. புதிய கார்களில் பலவற்றில் பற்றரியைக் குளிராக்கும் ஏற்பாடு இருக்கிறது. இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரி சூட்டையும் கூடுதலாகத் தாங்கும், சார்ஜ் சுற்றுக்களையும் கூடுதலாகத் தாங்கும். பற்றரி எந்த வகை, குளிராக்கும் ஏற்பாடு உண்டா என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ரீச்சர் 2022ஐ மறந்திருக்க மாட்டார். அந்த ஆனியில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. மாத முடிவில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று விற்பனையையே நிறுத்தினார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது, தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. பெற்றோல் செற்றடியில் இரவு முழுக்கக் காருக்குள்ளே படுத்தவர்கள் எத்தனை பேர்!

சந்தி கராஜ்

நானா, 2022ஐ நீங்கள் பாதி மட்டும் சொல்கிறீர்கள். அந்தப் பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அப்போது உங்கள் காருக்கு எதை ஊட்டுவது?

துறையடி நானா

மீதி 11 மணித்தியாலம் கரண்ட் இருந்ததே, அண்ணன். பெற்றோல் வரிசையில் அந்த உத்தரவாதம் ஒரு நாளும் கிடைக்கவில்லை. என் கருத்து இதுதான்: பெற்றோல் காருக்கு ஒரே ஒரு வழி, கப்பல். மின்சாரத்துக்கு மழைத் தண்ணீர், நுரைச்சோலை நிலக்கரி, காற்று, வெயில் என்று நான்கைந்து வழி இருக்கிறது. ஒன்று அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கும்.

நிலாவெளி வான்

நான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடுகிறவன், அதனால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். குடும்பத்துக்கு ஒரே ஒரு கார் என்றால், அது எந்த அவசரத்துக்கும் ஓட வேண்டும். அம்மாவுக்கு நடுச்சாமத்தில் ஏதாவது நடந்து மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொண்டுபோகச் சொன்னால் சகுரா என்ன செய்யும்? பற்றரி 20 கிலோவாட் மணி. ஜப்பான் கணக்கில் 180 கிலோமீற்றர். ஏசியும் நான்கு பேரும் என்றால் அதில் எவ்வளவு மிஞ்சும்? ஹபரணைக் காட்டில் யானை நிற்கிற இடத்தில் காரையும் நிறுத்திவிட்டு இருப்பீர்களா? இரண்டாவது வாகனமாக மின்சாரம் என்றால் நானும் ஆமோதிப்பேன். ஒரே வாகனமாக என்றால் கூடாது.

அலஸ்தோட்டம் ரீச்சர்

அந்த அவசரத்துக்கு அம்புலன்ஸ் இருக்கிறது, உங்களைப்போல வான் ஓட்டுகிற தம்பிமாரும் இருக்கிறீர்கள். வருடத்தில் ஒருநாள் வரலாம் என்கிற பயணத்துக்காக, மீதி நாள் எல்லாம் பெரிய ராங்கியையும் பெரிய எஞ்சினையும் நான் ஏன் சுமந்துகொண்டு திரிய வேண்டும்? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கு இடிக்கிறது.

உப்புவெளி மாணவி

ரீச்சர், உங்கள் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். சகுரா ஆயிரம் கிலோவுக்கு மேலே நிறை. பெரும்பாலான நேரம் அதில் ஒருவர்தான் இருப்பார். மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் காலை ஏழு மணிக்கு நிற்கிற நெரிசல், கார் மின்சாரத்தில் ஓடினாலும் அப்படியேதான் நிற்கும். நிறுத்த இடமும் வராது. ஒரு மின்சார ஸ்கூட்டி வாங்கினால் வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் ஏற்றலாம், விலை காரோடு ஒப்பிடவே முடியாது. அம்மாவின் கிளினிக்குக்கு ஓட்டோ பிடியுங்கள். எல்லாம் சேர்த்தாலும் லீசிங் தவணைக்குக் கிட்டவும் வராது.

அலஸ்தோட்டம் ரீச்சர்

தங்கச்சி, நான் ஒருத்தி மட்டும் போவதென்றால் நாளைக்கே ஸ்கூட்டி வாங்குவேன். கார்த்திகை மார்கழியில் சாம்பல்தீவுப் பக்கமிருந்து மழை இறங்கினால் ஒரு மணித்தியாலத்தில் வீதி தெரியாது. அந்த நேரம் பிள்ளையின் புத்தகப் பையையும் அம்மாவின் மருந்தையும் எங்கே வைப்பது? நெரிசலைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அதற்குக் கார் எதுவும் பதில் இல்லை.

வயரிங் தம்பி

எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன், சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்று முனை 13 அம்பியர் சொக்கெற்றில் கேத்தலைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கார் அப்படியில்லை, மணிக்கணக்காக ஒரே அளவில் இழுக்கும். மலிவான சொக்கெற் என்றால் முனை சூடேறி, பிளாஸ்ரிக் கருகி, வாசம் வந்த பிறகுதான் வீட்டுக்காரர் பார்ப்பார். ஆகவே காருக்கென்று மீற்றர் பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், கசிவைக் கண்டால் விழுகிற ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். சார்ஜரை 10 அம்பியரில் வைத்தால் போதும். 230 வோல்ற்றில் அது 2.3 கிலோவாட், நான்கரை மணித்தியாலத்தில் 10 யூனிட் ஏறும். ரவுண் ஓட்டத்துக்கு அது 70 கிலோமீற்றருக்குக் குறையாது.

எர்த் விஷயம் அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கம் மிக முக்கியம். மணல் தரை. வெயில் காலத்தில் மேல்மணல் காய்ந்துவிட்டால், கம்பி அடித்திருந்தாலும் எர்த் ஒழுங்காக வேலை செய்யாது. ஈரம் கிடைக்கும் ஆழம்வரை கம்பியை இறக்கி, அளந்து பார்த்துத்தான் விட வேண்டும். கடற்காற்றில் செம்பு முனைகள் பச்சை பிடிக்கும், வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து துடைக்க வேண்டும். பற்றரிப் பெட்டி இறுக்கி அடைத்து வருவதால் உப்புக்காற்று அதற்குள் சும்மா போய்விடாது. ஆனால் கார் கடல்வெள்ளத்தில் மூழ்கினால் கதை வேறு. 2022இல் அமெரிக்காவில் இயன் சூறாவளிக்குப் பிறகு உப்புநீரில் நின்ற மின்சாரக் கார்கள் சில நாள் கழித்தும் தீப்பிடித்தன. கடலோரத்தில் வீடு என்றால், புயல் எச்சரிக்கை வந்ததும் காரை உவர்மலை மாதிரி மேட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

சந்தி கராஜ்

தம்பி நல்ல விஷயம் சொன்னார். இதோடு மின்கட்டணத்தையும் பேச வேண்டும். 900 கிலோமீற்றருக்கு, சார்ஜரில் போகும் நட்டமும் சேர்த்து, 120 யூனிட் பிடிக்கும். ரீச்சர் வீட்டில் இப்போது 90 ஓடுகிறது என்று வைப்போம். கூட்டினால் 210. 180ஐத் தாண்டியதும் ஆகக் கூடிய விலைப் படிக்குப் போவீர்கள், நிலையான கட்டணமும் ஏறும். மின்சாரக் கார் ஓட்டச் செலவு மலிவு என்று சொல்கிறவர்கள் இந்தப் படிக்கட்டைக் காட்டுவதில்லை.

வயரிங் தம்பி

அதற்கு இரண்டு வழி இருக்கிறது அண்ணன். ஒன்று, நேரத்துக்கு ஏற்ற கட்டணம். இரவு 10.30 தொடக்கம் அதிகாலை 5.30 வரை விலை குறைவு, மாலை 6.30 தொடக்கம் 10.30 வரை விலை உச்சம். ரீச்சரின் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று மின்சார அலுவலகத்தில் கேட்க வேண்டும். கிடைத்தால், பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பிளக்கைக் குத்திவிடக் கூடாது.

மற்றது கூரையில் வைக்கிற சூரியத் தகடு. இங்கத்தைய வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு மாதம் 110, 120 யூனிட் தரும். அதாவது அண்ணன் சொன்ன அந்த 120 யூனிட்டும் ஏறக்குறைய ஒரே ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கிவிடுகிறது! ரீச்சருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. இரண்டு மணிக்குக் கார் வீட்டில் நிற்கும், வெயில் ஐந்து மணிவரை இருக்கும். கந்தோர்க்காரருக்கு இந்த நேரம் வாய்க்காது.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடு வைத்திருந்தவர்களைப் பகலில் அணைத்து வைக்கச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? நாட்டில் பகல் மின்சாரம் மிஞ்சிப்போய், வாங்க ஆள் இல்லை. சம்பூரில் நிலக்கரி நிலையம் வேண்டாம் என்று எத்தனை வருடம் கத்தினோம், இப்போது அதே மண்ணில் சூரியத் தகடு வருகிறது. அந்தப் பகல் மின்சாரத்தைக் குடிக்க நம்மிடம் வாகனங்கள் வேண்டாமா? திருகோணமலையில் பகலில் நிறுத்துகிற இடங்களில், ஆஸ்பத்திரி, கச்சேரி, சந்தை வளவுகளில், சாதாரண மெதுவான சார்ஜ் முனை வைத்தாலே போதும். வேகச் சார்ஜர் என்று கோடிக்கணக்கில் கொட்டத் தேவையில்லை.

நிலாவெளி வான்

முனை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பான் சின்னக் கார்களுக்கு வேகச் சார்ஜ் வாய் சாடெமோ வகை. இப்போது உலகம் பெரும்பாலும் வேறு வகைக்குப் போய்விட்டது. வீட்டிலேயே ஏற்றுகிறவருக்குப் பரவாயில்லை, ஆனால் விற்கிற நேரம் வாங்குகிறவர் அதைக் கேட்பார்.

அப்புறம், சத்தம். ரவுணில் மான் கூட்டம் வீதியைக் கடக்கிறது, இரவில் மாடு தாரில் படுத்திருக்கிறது. புதிய மின்சாரக் கார்கள் மெதுவாக ஓடும்போது ஒரு ஒலியை எழுப்புகின்றன, பழையவற்றில் சிலதில் அதுவும் இல்லை. கோட்டை வாசல் பக்கம் போகும்போது கவனம் ரீச்சர், மானுக்கு உங்கள் கார் வருவது கேட்காது.

துறையடி நானா

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழையது வாங்கினால் மீற்றரில் உள்ள கிலோமீற்றரைப் பார்த்து ஏமாறாதீர்கள். காரின் கணினித் தகவலைப் படிக்கிற ஓபிடி முனையில் கருவி போட்டு, பற்றரியின் நலம் எத்தனை சதவீதம், செல்களுக்கிடையே வோல்ற் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பிறகு நீங்களே ஏசி போட்டு, நிலாவெளிவரை ஓடித் திரும்பி, எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். வாங்கிய பிறகு நாளாந்தம் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். முழுக்க நிரப்பி வெயிலில் விடுவதுதான் பற்றரிக்கு ஆகப் பெரிய கேடு.

அலஸ்தோட்டம் ரீச்சர்

தம்பி, முதலில் உங்களைக் கூப்பிட்டு எர்த்தையும் மீற்றர் பலகையையும் பார்க்க வைக்கிறேன். கூரைத் தகட்டுக்கும் விலை கேட்கிறோம். காரும் தகடும் சேர்ந்த தவணை எங்கள் இரண்டு சம்பளத்துக்குள் நின்றால் வாங்குவோம். நிற்காவிட்டால் கராஜ் அண்ணனிடம்தான் அல்ரோ வரும்.

சந்தி கராஜ்

அல்ரோ வரட்டும், கியர்பொக்ஸை நியாயமான விலைக்குச் செய்து தருகிறேன். பத்து வருடம் தாங்குமா என்ற கேள்விக்கு நானா சொன்னது எனக்குப் போதவில்லை, என் கருத்து அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் மின்சாரக் கார் ஒன்றைப் பார்க்கப் போவதென்றால் முற்பணம் கொடுக்க முதல் என்னிடம் கொண்டு வாருங்கள். ஜாக்கியில் தூக்கி, பற்றரிப் பெட்டியின் அடித்தகட்டில் அடிபட்ட தடமோ துருவோ இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்குக் காசு வேண்டாம்.