தௌக்யான் கல்லறைத் தோட்டத்தில் வாய்விட்டு வாசித்த பெயர்கள்

போரில் இறந்து அயல்நாட்டில் புதைக்கப்பட்ட வீரர்களின் கல்லறைகளைப் பார்த்துவந்தவர்கள் தாங்கள் கண்டதை எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டனார் இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனில் பிறந்தவர். அவர் வாழ்ந்த தெருவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நானும் என் மகளும் மியன்மாருக்குச் சென்றோம்; கல்லறைத் தோட்டம் எங்கள் திட்டத்தில் இல்லை. யாங்கோனிலிருந்து பியே செல்லும் சாலையில் வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனதும், வாகன ஓட்டி எங்களைக் கேட்காமலேயே ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தியர்கள் இங்கே இறங்கிப் பார்ப்பார்கள்" என்றார். அதுதான் தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்த 6,374 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 867 பேர் யாரென்றே அடையாளம் காணப்படவில்லை. அக்யாப், மண்டலே, மெய்க்தீலா முதலிய இடங்களில் போர்க்காலத்தில் அவசரமாகத் தோண்டிய குழிகளிலிருந்து எடுத்துவரப்பட்டு மீண்டும் இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களே மிகுதி.

தரையோடு ஒட்டிய சிறு பீடங்களும், அவற்றின் மீது பதித்த வெண்கலத் தகடுகளும் வரிசை வரிசையாக இருந்தன. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியவை தகட்டில் இருக்கும். என் மகள் வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே வந்தாள்: இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்து மூன்று. பத்தொன்பது என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கும் அப்போது அதே வயது.

ஆனால் நான் எழுத வந்தது கல்லறைகளைப் பற்றி அன்று, தோட்டத்தின் நடுவே நீண்டு நிற்கும் தூண்களைப் பற்றி. ரங்கூன் நினைவுச் சின்னம் என்று அதற்குப் பெயர். கல்லறை எங்கே என்றே தெரியாமல் போனவர்கள், அதாவது 1942இல் ஜப்பானியரின் முன்னேற்றத்தால் பிரித்தானியப் படை பின்வாங்கியபோதும் அதன்பின் நடந்த போர்களிலும் காட்டிலும் ஆற்றிலும் மறைந்தவர்கள், ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்திய ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். நடுவிலுள்ள வட்ட மண்டபத்தில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகிய ஐந்தில் ஒரே வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் இல்லை. அதைக் குறையாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். அதற்குள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் பெயர்ப் பட்டியல் கண்ணில் பட்டது.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தவை நம் பெயர்கள். படையில் சேர்த்த எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதால், ஒரே பெயர் அடுத்தடுத்த வரிகளில் இரண்டு விதமாக நின்றது. கண்ணால் படித்தபோது விளங்காத பெயர்கள் வாய்விட்டுச் சொன்னதும் விளங்கின. முனுசாமி என்றும், ஆரோக்கியசாமி என்றும், கோவிந்தன் என்றும் நான் உரக்கப் படிக்கத் தொடங்கினேன், மகளும் சேர்ந்துகொண்டாள். அந்தத் தூணிலுள்ள பெயர்கள் முழுவதையும் முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். அந்தப் பெயர்களை அவற்றுக்கு உரிய ஒலியோடு யாரேனும் அங்கே முன்பு சொல்லியிருப்பார்களா என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

*

ஐயா, நீங்கள் கண்டதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நான் வாழ்கிறேன். சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டம் என் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளிலும் படை முகாம்களிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைகளை நிலையாகப் பராமரிக்க முடியாது என்று கருதி, 1952இல் இந்தத் தோட்டத்தை அமைத்து அவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். 850க்கும் மேற்பட்டோர் இங்கே இருக்கிறார்கள். பூந்தமல்லி சாலையில் அன்றாடம் போகிறவர்களில் பலர் அதைப் பூங்கா என்றே எண்ணிக் கடந்துபோகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், எழுபது வயதைக் கடந்த வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் ஒரு கல்லறையின் முன் மண்டியிட்டு, எழுத்துகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அவற்றை அச்செடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். தாள் காற்றில் பறந்ததால் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அங்கே அடக்கமாகியிருந்தவர் அந்த அம்மையாருடைய தாயின் தம்பி. தாய்க்குக் கடைசிவரை இந்தியாவுக்கு வர வசதி வாய்க்கவில்லை. உடலையாவது ஊருக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்கு இடமே இல்லை என்று அவர் விளக்கினார். பணமுள்ளவர்கள் மட்டும் தங்கள் பிள்ளையின் உடலை எடுத்துச்செல்வதும் ஏழைகளின் பிள்ளைகள் அங்கேயே கிடப்பதும் கூடாது என்பதற்காக, முதல் உலகப் போரின்போதே அவரவர் விழுந்த நாட்டிலேயே அடக்கம் செய்வது என்று பிரித்தானியர் முடிவு செய்திருந்தார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல் என்பதும் அதே எண்ணத்தில் வந்ததுதான். அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாயின் நிலையில் நின்று நினைத்தால் அதை ஏற்பது எவ்வளவு கடினம் என்பதும் புரிகிறது.

அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கல்லறையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவருகிறேன்.

*

நாகாலாந்திலுள்ள கோஹிமாவுக்குச் சென்றவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரின் களத்திலேயே, கேரிசன் குன்றின் சரிவில், அந்தத் தோட்டம் அமைந்திருக்கிறது. பிரித்தானிய இந்தியப் படையும் ஜப்பானியரும் ஒரு டென்னிஸ் மைதானத்தின் இரு பக்கமும் நின்று போரிட்டார்கள் என்று படித்திருந்தேன். அம்மைதானத்தின் வெள்ளைக் கோடுகளை இன்றும் அங்கே காணலாம். அவ்வளவு சிறிய இடமா என்று திகைத்துப் போனேன்.

வருகிறவர்கள் 1,420 கல்லறைகளையும் கீழேயுள்ள புகழ்பெற்ற நினைவுக் கல்லையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குன்றின் உச்சிவரை ஏறினால் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு உரியது அது. எரியூட்டப்பட்டவருக்குக் கல்லறை இல்லை, பெயர் மட்டுமே உண்டு. ஆகவே கல்லறைகளைப் பார்த்து எண்ணுகிறவரின் கணக்கில் நம்மவர்களில் பெரும்பகுதியினர் வருவதே இல்லை. அங்கே செல்கிறவர்கள் தயவுசெய்து உச்சிவரை ஏறுங்கள்.

*

பெயராவது இருக்கிறதே என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பணி நிமித்தமாக ஈராக்கில் இருந்தேன். முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கான பஸ்ரா நினைவுச் சின்னம், 1997இல் சதாம் உசேனின் ஆணைப்படி நாசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. பிரித்தானியச் சிப்பாய்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் இறந்தோரின் எண்ணிக்கையும் மட்டுமே. நினைவுகூர்வதில் இத்தகைய பாகுபாடு காட்டப்பட்டதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எண்ணிக்கையை எப்படி வாய்விட்டு வாசிப்பது?

*

தௌக்யான் அனுபவத்தை எழுதிய ஐயாவுக்கு வணக்கம். படித்தபின் வெகுநேரம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். அப்பா பிறந்ததைக் கடிதத்தில் அறிந்தாரே தவிரப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. இறந்துவிட்டார் என்று தந்தி வந்தபோது, உடலைப் பார்க்காமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று பாட்டி மறுத்துவிட்டார். ஊரார் எவ்வளவோ சொல்லியும் தாலியைக் கழற்றவில்லை. கைதியாக எங்கோ இருப்பார், காட்டில் வழி தவறியிருப்பார் என்று சொல்லிக்கொண்டே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அந்தத் தாலியோடேயே போய்ச் சேர்ந்தார். சிறுமியாக இருந்தபோது அதைப் பிடிவாதம் என்று நான் நினைத்திருக்கிறேன். இன்று அந்த நினைப்புக்காக வருந்துகிறேன்.

போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தாத்தாவின் பெயரைத் தேடத் தொடங்கியபோது முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. நாம் இன்று எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடியதுதான் காரணம். பெயரை விட்டுவிட்டு, படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் மட்டும் கொடுத்து, வந்த பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாம் நாள் இரவில் கிடைத்தது. பெயரில் ஓர் எழுத்து குறைவு. ஊர்ப் பெயர் பாதி சிதைந்திருந்தது. ஆனால் கூடுதல் விவரம் என்ற இடத்தில், இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர் என்று இருந்தது. கணவர் என்பதற்கு எதிரே என் பாட்டியின் பெயர். அது மட்டும் ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் இருந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படி என்றார்; நான்கு முறை படித்தேன்.

கல்லறை இல்லை. ரங்கூன் நினைவுச் சின்னத்தில், தூணின் எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது என்ற எண் மட்டும் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பயணம் செய்ய இயலாது. தௌக்யானுக்குச் செல்கிறவர்கள் யாரேனும் அந்தப் பெயரைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.

*

அம்மா, பயணச் சூழல் சீரானதும் நானும் மகளும் மறுபடி செல்வதாக இருக்கிறோம். தூணின் பக்க எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள். படம் மட்டும் போதாது. பெயரைச் சொல்லி, அந்த ஒலிப்பதிவையும் அனுப்புகிறேன். அதற்காக ஓர் உதவி வேண்டும். ஆங்கில எழுத்தை வைத்துக் குறிலா நெடிலா, லகரமா ளகரமா ழகரமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வீட்டில் தாத்தாவை எப்படி அழைத்தார்களோ, அந்தப் பெயரையும் ஊரின் பெயரையும் உங்கள் அப்பா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி அனுப்புங்கள். பாட்டியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.